பஞ்சுக் கள்ளிக்கு வருத்தமா? திருகோணமலை முற்றத்துக்கான கை வைத்தியம்

ஒவ்வொரு தை மாதமும் எனக்கு இதே ஃபோன்தான் வரும். மழை விட்டு நாலு நாள் வெயில் எறித்திருக்கும், தெரிந்த மாமி ஒருவர் எடுப்பார்: "தம்பி, உந்தப் பஞ்சுக் கள்ளி சரிஞ்சு போச்சு, நேற்று வரைக்கும் நல்லாத்தான் நிண்டது." இல்லை மாமி, நேற்று வரைக்கும் நல்லாய் நிற்கவில்லை. கார்த்திகை அடைமழையிலேயே அதன் அடி அழுகிவிட்டது, மேலே பஞ்சு மூடியிருந்தபடியால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் பதினொரு கன்று வாங்கி ஆறைக் கொன்றிருக்கிறேன். மிச்சம் ஐந்தும் உப்புவெளிப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கின்றன. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஆறும் சொல்லித் தந்தவை, அப்புறம் அக்கம்பக்கத்தார் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியவை. உங்கள் கன்றில் தெரியும் அறிகுறியைத் தேடிப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், காசும் கன்றும் போகிற காரணம் கடைசியில்.

நான் சொல்வது எஸ்போஸ்டோவா. பெருவிலும் எக்குவடோரின் தெற்கிலும் அந்தீஸ் மலைச்சரிவுகளில் தூண் தூணாக வளரும் கள்ளி, உடம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு. அந்த ஊர்ச்சனம் இந்தப் பஞ்சை எடுத்துத் தலையணைக்கு அடைத்திருக்கிறார்கள். இங்கே கைக்கு வருவது அநேகமாக எஸ்போஸ்டோவா லனாட்டா. ஆனால் மலைநாட்டு நாற்றுமேடையில் எனக்கு விற்றவர் 'ஓல்ட் மேன்' என்று மட்டும்தான் சொன்னார், அந்தப் பெயரிலேயே மெக்சிக்கோவின் செபலோசீரியசும் அந்தீஸில் 3000 மீற்றருக்கு மேலே வளரும் ஓரியோசீரியசும் விலைப்படும். பஞ்சு சிலந்தி வலை மாதிரித் தண்டோடு ஒட்டிச் சுற்றியிருந்தால் எஸ்போஸ்டோவா. நரைமயிர் மாதிரி நீளமாகத் தொங்கினால் செபலோசீரியஸ். மயிருக்கு நடுவே தடித்த மஞ்சள் முள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் ஓரியோசீரியஸ், அதுக்கு எங்கள் ஊர்ப் புழுக்கமான இரவு கொஞ்சமும் பிடிக்காது. வைத்தியம் மூன்றுக்கும் ஒன்றுதான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்

ஒன்று, குச்சிச் சோதனை. ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து, மண்ணுக்கு ஒரு விரல் மேலே பஞ்சை மெல்ல விலக்கி, தண்டைக் குச்சியின் நுனியால் அழுத்துங்கள். சுற்றிவர நாலு பக்கமும் அழுத்த வேண்டும், அழுகல் அநேகமாக ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். பச்சை மாங்காய் மாதிரி விறைப்பாக இருந்தால் நிம்மதி. பழுத்த பப்பாசி மாதிரி உள்ளே போனால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த பகுதிக்கு ஓடுங்கள். வெறும் விரலை விட வேண்டாம், பஞ்சுக்குள்ளே ஊசி மாதிரி முள் இருக்கிறது.

இரண்டு, பாரச் சோதனை. சாடியைத் தூக்கிப் பாருங்கள். மண் நன்றாகக் காய்ந்திருக்கிற ஒரு நாளில் சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையைச் சாடியின் வயிற்றில் மாக்கர் பேனையால் எழுதி வைத்துவிடுவது என் வழக்கம். மேல்மண் காய்ந்திருக்கிறது என்று நம்பித் தண்ணீர் ஊற்றியே இரண்டு கன்றைக் கொன்றேன், அடிமண் சேறாக இருந்தது எனக்குத் தெரியாது.

## சரிகிறது, அல்லது அடியை அழுத்தினால் உள்ளே போகிறது

### சரிகிறது, ஆனால் அடி விறைப்பாக இருக்கிறது

பயப்பட ஒன்றுமில்லை. விறாந்தையில் ஒரே பக்கம் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்திருந்தால் அந்தப் பக்கம் வளையும், பத்து நாளைக்கு ஒரு தடவை சாடியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றின் வேலையாக இருக்கும். புதிதாக நட்ட கன்றை அது நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும், வேர் பிடிக்கவே விடாது. அடியைச் சுற்றி நாலு கருங்கல் துண்டை நெருக்கி அடுக்குங்கள், காணாவிட்டால் ஒரு தடி ஊன்றிப் பழைய சேலைக் கரையால் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு வேண்டாம், பஞ்சை அறுத்துவிடும்.

### அடி உள்ளே போகிறது, மேலே இன்னும் விறைப்பு

இது அழுகல். மருந்து ஊற்றி ஆற்றலாம் என்று பார்க்காதீர்கள், நான் பார்த்தேன், பங்கசு நாசினிக்குக் காசு போனது, கன்றும் போனது. வெட்டத்தான் வேண்டும், அதுவும் இன்றைக்கே.

என் முதல் கன்றை வெட்டிய கதையைச் சொல்கிறேன், அதிலேயே செய்முறையும் இருக்கிறது. சாடியைப் படுக்க வைத்துப் பழைய துவாய் ஒன்றை நாலாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பாண் வெட்டுகிற நீளக் கத்தி, பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட். மண்ணுக்கு இரண்டு விரல் மேலே முதல் வெட்டு. உள்ளே கபில நிறக் கூழ், புளித்த மாவின் மணம். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒரு அங்குலம் மேலே அடுத்த வெட்டு. இப்போது முகம் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் நரம்பு வட்டமாக ஓடுகிறதே, அந்த வட்டத்தில் செம்மஞ்சளாக மூன்று புள்ளிகள், குண்டூசித் தலை அளவு. அந்த மூன்று புள்ளிகளை நான் பெரிதாக எடுக்கவில்லை. பஞ்சுக் கள்ளி ஏற்கெனவே கட்டையாகிவிட்டதே என்ற கவலையில் அப்படியே காய வைத்தேன், பன்னிரண்டாம் நாள் அது முழுக்க அழுகிப் போயிருந்தது.

ஆகவே புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், துடைக்காத கத்திதான் அழுகலை மேலே கொண்டுபோகும். சுத்தமான வெட்டு முகம் வெள்ளையும் இளம்பச்சையுமாக இருக்கும், வெள்ளரிக்காய் மணம் வரும், வட்டத்தில் கறையே இருக்காது. அங்கே நிறுத்துங்கள்.

பிறகு வெட்டின முகத்தில் கந்தகத் தூள் தூவுங்கள். கிடைக்காவிட்டால் குசினியில் இருக்கிற கறுவாத்தூளும் ஒப்பேறும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெறும் சாடி ஒன்றின் வாயில் நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள், படுக்கப் போட்டால் நுனி வளைந்து நிமிரப் பார்க்கும். பங்குனி, சித்திரையில் என்றால் நிழலில் மூன்று கிழமை போதும். மாரியில் வெட்டும்படி ஆகிவிட்டால் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழேதான் இடம், எங்கள் வீட்டில் ஒரு மார்கழி முழுக்கக் கள்ளிக்குக் காற்று அடித்தது, வந்த மின்கட்டணத்துக்கு அம்மா இன்னும் என்னைத்தான் காட்டுகிறார். முகம் தோல் மாதிரிக் காய்ந்து இறுகின பிறகு காய்ந்த மண்கலவையின் மேல் நட்டு, வேர் வரும்வரை தண்ணீரே காட்டாதீர்கள். ஒரு மாதத்திலும் வரும், மூன்று மாதமும் எடுக்கும். மெல்லத் தூக்கிப் பார்த்தால் மண்ணைப் பிடித்து இழுக்கிறது என்று கைக்குத் தெரியும், அன்றைக்கு முதல் தண்ணீர்.

மண்கலவை என்று நான் போடுவது: சல்லடையில் அரித்த ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கின கொம்போஸ்ட் ஒரு பங்கு, பழைய கூரை ஓடுகளை உடைத்துப் பட்டாணிக் கடலை அளவாக்கியது இரண்டு பங்கு. கடல்மணல் கூடவே கூடாது. கன்று வரும்போது சாடியில் இருக்கிற தும்புத்தூளை முழுக்கக் கழுவி எறியுங்கள், மலைநாட்டுக் குளிரில் அது நல்லதாக இருக்கலாம், எங்கள் மாரியில் அது நாட்கணக்காகத் தண்ணீரை வைத்திருக்கும். சாடிக்குக் கீழே தட்டும் வைக்க வேண்டாம்.

### அடியும் போகிறது, நடுவும் போகிறது

கைவிடுங்கள். நுனியில் மூன்று விரல் அளவாவது விறைப்பாக இருந்தால் மட்டும் வெட்டிப் பார்க்கலாம். மிச்சத்தை மண்ணோடு சேர்த்துக் குப்பைக்குக் கொடுங்கள், பசளைக் குழிக்குள் போட்டால் அடுத்த கன்றுக்கு அது திரும்பி வரும்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

நிலத்தில் நட்டது ஆள் உயரத்துக்கு மேலே போய், அடி அழுகி, மதில் பக்கமோ மின்கம்பிப் பக்கமோ சரிந்தால் நீங்கள் தொட வேண்டாம். பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக்கத் தண்ணீர்ப் பாரம். தென்னை வெட்டுகிற ஆட்களிடம் கயிறு போட்டு இறக்கச் சொல்லுங்கள், கம்பியில் சாய்ந்திருந்தால் அவர்களைக் கூப்பிடுமுன் மின்சாரக்காரருக்குச் சொல்லுங்கள்.

அழுகல் ஒரு கன்றோடு நிற்காமல் ஒரே மாதத்தில் மூன்று நாலுக்குத் தாவினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். கமநல சேவை நிலையத்துக்கு விவசாயப் போதனாசிரியர் வருகிற நாளைக் கேட்டு, வெட்டின துண்டு ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி 1920. பிரிட்டன், ரோஸ் என்ற தாவரவியலாளர்கள் இந்தக் கள்ளிப் பேரினத்துக்குப் பெயர் வைத்ததும் 1920 ஆம் ஆண்டில்தான், லீமாவில் இருந்த நிக்கோலாஸ் எஸ்போஸ்டோ என்ற தாவரவியலாளரைக் கௌரவித்து. அதனால் எனக்கு அந்த நம்பர் மறப்பதே இல்லை.

## சுருங்கிக்கொண்டு போகிறது, விலா தெரிகிறது

சாடியைத் தூக்கிப் பாருங்கள்.

பாரமில்லை, எழுதி வைத்த காய்ந்த எடைதான் காட்டுகிறது என்றால் வெறும் தாகம். ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும்போது சின்னச் சாடி நாலைந்து நாளிலேயே காய்ந்துவிடும். வெயில் ஏறுமுன் அதிகாலையில் அடித்துளையால் ஓடும்வரை ஊற்றுங்கள், பஞ்சில் படாமல் மண்ணில். ஒரு கிழமையில் விலா நிரம்ப வேண்டும். நிரம்பினால் கதை முடிந்தது.

ஒரு கிழமை போயும் நிரம்பவில்லை, அல்லது சாடி பாரமாக இருக்கும்போதே சுருங்குகிறது என்றால் குடிக்க வேர் இல்லை என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் எல்லாரும் பிழை விடுவார்கள், சுருங்குகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள். சாடியிலிருந்து கழற்றி மண்ணை உதறிப் பாருங்கள். வேர் கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உரிந்து வந்தால் அது செத்த வேர், எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மேலே சொன்ன மாதிரிக் காய வைத்து நடுங்கள். வேரில் வெள்ளை மாவு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது வேர்ப்பூச்சி, கீழே 'பஞ்சுக்குள் பஞ்சு' என்ற பகுதிக்குப் போங்கள். வேர் நல்ல வெள்ளையாக, ஆனால் சாடியின் வடிவத்திலேயே சுருண்டு இறுகிப் போயிருந்தால் அடுத்த அளவுச் சாடிக்கு மாற்றினால் சரி. ஒரே தாவலில் பெரிய சாடிக்குப் போக வேண்டாம், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

## பஞ்சு நிறம் மாறுகிறது

அடியில் மட்டும் பஞ்சு உதிர்ந்து, தண்டு கபிலமாகி மரப்பட்டை மாதிரி இருந்தால் குச்சிச் சோதனை செய்யுங்கள். விறைப்பாக இருந்தால் அது வயசு, வேறொன்றுமில்லை.

முழுக்கச் செம்மண் நிறமாக இருந்தால் கச்சான் கொண்டுவந்த புழுதி. கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இதோடு உப்புக் காற்றும் சேர்ந்து புழுதியைப் பசை போட்ட மாதிரிப் பிடித்துவைக்கும், டச்சுக்குடாப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்த கன்று தேயிலைச் சாயத்தில் தோய்த்தெடுத்தது போல இருந்தது. குளிப்பாட்டலாம். மாசி, பங்குனியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலையில், வாளியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் குழந்தைப் பிள்ளைகளின் ஷாம்பூ நாலைந்து சொட்டு. சாடி மண்ணைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டிவிட்டு, மெதுவான ரூத்பிரஷால் மேலிருந்து கீழே வாருங்கள், பிறகு வெறும் தண்ணீரால் அலசுங்கள். பின்னேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பார்த்த அம்மப்பா, "எனக்கு ஒருநாள் தலை வாரி விட்டியோ?" என்று கேட்டார். மாரியில் இந்த வேலையே வேண்டாம்.

அடிப்பஞ்சு மஞ்சளாகி, சாடி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் தண்ணீர் சவர். கரையோரக் கிணறு அநேகம் கோடையில் சவர்க்கும், எங்களுக்கு வாய்க்குப் பெரிதாகத் தெரியாது, கள்ளிக்குத் தெரியும். செலவில்லாத வழி, மழைத்தண்ணீரை மூடின பீப்பாயில் சேர்த்து வைத்து அதையே ஊற்றுவது. அதில்லாவிட்டால் பைப் தண்ணீர். பொருக்கு கனமாக இருந்தால் மண்ணை முழுக்க மாற்ற வேண்டும், சும்மா மேலே சுரண்டி எடுத்துப் பிரயோசனமில்லை.

கரி பூசியது போலக் கறுப்பு என்றால் பஞ்சைக் கழுவுவதில் நேரத்தை விடாதீர்கள். அந்தக் கரி ஒரு பூஞ்சணம், பூச்சி விடும் இனிப்புப் பிசினில் வளர்வது. பூச்சியைப் பிடித்தால் கரி நிற்கும்.

## பஞ்சுக்குள் பஞ்சு: பூச்சியா, கள்ளியின் சொந்தப் பஞ்சா?

மற்றக் கள்ளியில் வெண்மூட்டுப் பூச்சி வந்தால் அடுத்த நாளே கண்ணில் படும். இதில் அது வெள்ளைக்குள் வெள்ளையாக இரண்டு மாதம் குடித்தனம் நடத்தும். ஆகவே பூச்சியைத் தேடாதீர்கள், எறும்பைத் தேடுங்கள். சாடிக் காலால் எறும்பு வரிசையாக ஏறிப் பஞ்சுக்குள் நுழைந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துச் சந்தேகமான உருண்டையில் வைத்து அழுத்துங்கள். கள்ளியின் பஞ்சு நனைந்து படியும், விட்டால் இழை இழையாக நிற்கும். பூச்சியின் மாவு கரைந்து, உள்ளேயிருந்து சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக ஒரு சின்ன உடம்பு தெரியும், நசுக்கினால் பிசுபிசுக்கும்.

கொஞ்சமாக இருந்தால் அதே பஞ்சுக் குச்சியே மருந்து. ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வெயில் படாத நேரத்தில். ஒரு தடவையில் முடியாது, முட்டை மிஞ்சும், கிழமைக்கு ஒரு தடவை வீதம் நாலு கிழமை விடாமல் செய்ய வேண்டும். மூன்றாம் கிழமையில் 'இப்ப ஒண்டுமில்லை' என்று விட்டவர்கள்தான் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வருகிறார்கள்.

நிறைய இருந்தால் சவர்க்காரத் தண்ணீர், அப்புறம் வேப்பெண்ணெய். ஆனால் எண்ணெய் பட்ட பஞ்சு திரண்டு அழுக்காகும், வெள்ளை திரும்ப வரப் புதுவளர்ச்சி வரவேண்டும். எண்ணெய் பட்ட கன்றை அந்த ஒரு கிழமை நேர்வெயிலில் வைக்காதீர்கள், பொரித்துவிடும்.

வேரில் இருந்தால் கழற்றி, மண் முழுக்க எறிந்து, வேரைக் கழுவி, ஒரு கிழமை காய வைத்துப் புது மண்ணில் நடுவதுதான் முதல் வழி. அதற்குப் பிறகும் வந்தால் இமிடாக்குளோபிரிட் மாதிரி வேரால் உறிஞ்சுகிற மருந்துக்குப் போகலாம். விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள், போத்தலில் போட்டிருக்கிற அளவுக்கு மேலே ஒரு சொட்டும் வேண்டாம், கிணற்றடிக்குக் கிட்டக் கரைக்கவும் வேண்டாம்.

## ஒரு பக்கத்தில் வெளிறின தழும்பு

எப்போது வந்தது என்று யோசியுங்கள். மாரி முழுக்க விறாந்தையில் நின்றதைத் தை மாதம் நேரே முற்றத்து வெயிலுக்குத் தூக்கி வைத்தீர்களா? அப்படியானால் வெயில் சுட்டது. தெற்கு, மேற்குப் பக்கம் மட்டும் இருக்கும், வெளிறி, பிறகு கபிலமாகிக் காயும். ஆறாது, பெருக்கவும் பெருக்காது. முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும், பிறகு மெல்ல மெல்ல. பஞ்சு அடர்த்தியான கன்றுக்கு இது அவ்வளவாக வராது, விறாந்தையில் வளர்ந்து பஞ்சு மெலிந்ததற்குத்தான் வரும்.

எந்தப் பக்கமென்று இல்லாமல் அங்குமிங்கும் செம்மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக, மழைக்காலத்தில் வந்தால் அது பங்கசு. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, கன்றுகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, மேலே தண்ணீர் படாமல் பாருங்கள். புள்ளி காய்ந்து நின்றால் விட்டுவிடுங்கள். ஈரமாகி உள்ளே குழிந்தால் அழுகல் பகுதி.

## நுனி மெலிந்து கூம்பிப் போகிறது

வெளிச்சம் காணாது. வேறு காரணம் தேட வேண்டாம். மெலிந்த கழுத்து திரும்பத் தடிக்காது, அதற்கு மேலே வருவது மட்டும்தான் தடிக்கும், அந்த இடத்தில் போத்தல் கழுத்து மாதிரி நிற்கும்.

மழைக்கும் மறைக்க வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்பதுதான் எங்கள் ஊரில் தீராத சிக்கல். ஐப்பசி கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சாடிகளுக்கு மேலே வெளிச்சம் விடுகிற கூரைத் தகடு இரண்டை நாலு கட்டையில் சரிவாகப் போட்டுவிடுகிறேன், பக்கங்கள் திறந்தபடி. தறப்பாள் கட்டிப் பார்த்தேன், அதற்குள் இருட்டும் புழுக்கமுமாகி ஒரு கன்று போனது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் ஊருக்கு வடக்கே கரையேறியபோது மட்டும் எல்லாச் சாடியையும் குளியலறைக்குள் அடுக்கினேன், இரண்டு நாள் நாங்கள் கிணற்றடியில் குளித்தோம்.

## தண்டு வெடித்துவிட்டது

கோடையில் பட்டினி போட்டு, முதல் மழையில் நனைய விட்டால் வெடிக்கும். வெடிப்பு காய்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், தழும்பு மட்டும் நிற்கும். ஈரம் கசிந்தால் கந்தகத் தூளைத் தூவி மழை படாமல் வையுங்கள்.

## வளரவே இல்லை

மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் வளரவில்லை என்றால்தான் பிழை. மற்ற மாதங்களில் வளராதது அதன் குணம். நல்ல வெயில் மலைச்சரிவில், இரவில் குளிர்கிற இடத்தில் பிறந்த கள்ளி இது, எங்கள் ஆடி மாத இரவுப் புழுக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பொறுமையில்லாமல் யூரியா போட்டவர்களுக்கு வெடித்த தண்டும் மெலிந்த பஞ்சும்தான் மிஞ்சும். பங்குனியில் ஒரு தடவை, தக்காளிக்குப் போடுகிற பொட்டாசியம் கூடின உரத்தைச் சொன்ன அளவில் பாதி கரைத்து ஊற்றுங்கள், போதும்.

## கையில் முள் ஏறிவிட்டது

தண்டில் வருவதில்லைதான், ஆனால் இதுவும் என்னிடம் அடிக்கடி வரும் அறிகுறி. முள் எடுக்கிற சாவணத்தால் இழுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் முடிந்தது. விரல் மூட்டில் ஏறி உள்ளே முறிந்து, அடுத்த நாள் வீங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசியால் தோண்டாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் அந்த நிமிடமே போங்கள். பஞ்சைக் கண்டதும் தடவப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாடியை இடுப்பு உயரத்துக்கு மேலே வைப்பது புத்தி.

## ஒரு பக்கத்தில் மட்டும் பஞ்சு திடீரென்று தடித்து வருகிறது

போன வருடம் பாலையூற்றில் இருந்து ஒருவர் பதறிப் போய் எடுத்தார். கன்று அவருக்கு மேலே வளர்ந்து நிற்கிறதாம், மேல்பக்கம் ஒரு புறமாகத் தண்டு உள்வாங்கி, அந்தப் பள்ளம் நெடுக மெத்தை கிழிந்த மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளைப் பஞ்சு தள்ளிக்கொண்டு வருகிறதாம், பங்கசு என்று நினைத்துக் கத்தியும் கையுமாக நிற்கிறாராம்.

கத்தியைக் கீழே வைக்கச் சொன்னேன். நன்றாக முதிர்ந்த கன்றுக்குத்தான் அது வரும், பூ வெளிவருகிற இடம். பூ வெள்ளையாக இரவில் விரியும், அதன் ஊரில் வௌவால்தான் மகரந்தம் சேர்க்கும். எக்குவடோரில் வளரும் எஸ்போஸ்டோவா ஃப்ருடெசென்ஸ் இனத்தில் இந்தப் பஞ்சு வௌவாலின் ஒலியை விழுங்கிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள், சுற்றிவர எதிரொலி மங்கிப் போக, நடுவில் பூ மட்டும் அதற்குத் தெளிவாகக் கேட்கிறது. எங்கள் ஊர் வௌவால் வருமோ தெரியாது மனுசனே, ஆனால் சுரண்ட மட்டும் சுரண்டாதே என்றேன்.

குச்சிச் சோதனை செய்தாராம், அடி மாங்காய் மாதிரி இருந்ததாம். என் ஐந்தில் பெரியது இன்னும் என் நெஞ்சளவுக்குத்தான் வந்திருக்கிறது. அவருடையது பூக்கிற இரவு ஃபோன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.